ரஹாயுவின் பெயர் உதிர்ந்த சனிக்கிழமை

மகெலாங் ஊரில் கல்யாண மேடை ஜோடிக்கும் கடை ஒன்றில் பெயர் எழுதுகிறவள் நஸ்தித்தி. நாற்பத்து மூன்று வயது. பெண், மாப்பிள்ளை பெயர்களை அவள் தூரிகையால் சுழித்து எழுதிவிட்டால் மேடைக்கே தனிக் களை வந்துவிடும். தூரிகை கையில் இருந்தவரை அவள் யாருக்கும் பயந்ததில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு முதலாளி ஹர்ஜந்தோ அக்ரிலிக் வெட்டும் மெஷினையும் கம்ப்யூட்டரையும் வாங்கி இறக்கினார். அன்று பிடித்தது பயம்.

“இனிமே எழுத்து கம்ப்யூட்டர்லயே வரணும்மா. பெருநாளுக்குள்ள கத்துக்கோ. வரலேன்னா பூ வைக்கிற பக்கம் மாத்திடுறேன். வேலை போகாது, பயப்படாதே.”

அந்தப் ‘பயப்படாதே’தான் பயத்தைக் கூட்டியது. பூ வைக்க அவளுக்குத் தெரியும். ஆனால் எழுதாத நஸ்தித்தி யார் என்றுதான் அவளுக்குத் தெரியாது.

தாளில் எழுதியதைப் படம் பிடித்து உள்ளே போட்டு, அதன்மேல் புள்ளி வைத்துப் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு பக்கமும் மீசை மாதிரி, வளைவைத் திருப்பும் பிடிகள். ஒன்றைத் தொட்டால் பக்கத்து வளைவு கோணிக்கொள்ளும். அதைச் சரிசெய்தால் இது கோணும். நாலு புள்ளி போதுமான இடத்தில் அவள் நாற்பது வைத்தாள். எழுத்து குளிரில் நிற்பது போல் வெடவெடத்தது. போனில் வீடியோ பார்த்துக் கற்கலாம் என்றால், அதில் பேசுகிறவன் பஸ் பிடிக்கப் போகிறவன் மாதிரி ஓடினான்.

கேட்பதற்கு ஆள் இல்லாமலும் இல்லை. நாலடி தள்ளி மெஷினை ஓட்டும் கியார்த்தோவுக்கு அந்த வித்தை தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவனிடம் போய் எப்படிக் கேட்பது? “வந்துடுச்சு, வந்துடுச்சு” என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் ரஹாயு என்கிற பெண்ணின் பெயரைக் கம்ப்யூட்டரில் போட்டு கியார்த்தோவிடம் வெட்டக் கொடுத்தாள். மறுநாள் கல்யாணம். இரண்டு மணிக்குப் பெண்ணின் அம்மா பார்க்க வருவதாக ஏற்பாடு. தூரிகையில் எழுதுவது போலவே ஒரு எழுத்தின் வாலை அடுத்த எழுத்தின்மேல் ஏற்றி வைத்திருந்தாள். கறுப்பின்மேல் கறுப்பு, திரையில் ஒரே எழுத்தாகத் தெரிந்தது. மெஷினுக்குக் கறுப்பு தெரியாது, கோடுதான் தெரியும். ஏறிக் கிடந்த இடத்தையெல்லாம் அறுத்துத் தள்ளியது. கியார்த்தோ தங்க நிறத் தகட்டைத் தூக்கினான். பெயர் துண்டு துண்டாகத் தரையில் உதிர்ந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் மணப்பெண்ணின் பெயர் உடைந்தது என்று எங்கள் ஊரில் வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள். நஸ்தித்தி குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள்.

முதலாளி வந்து பார்த்தார். “யாரு பண்ணின வேலை இது?”

“தகடு கொஞ்சம் வளைஞ்சிருந்துச்சுங்க. என் தப்புதான்” என்றான் கியார்த்தோ.

அவர் அவனைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினார். தப்பித்தோம் என்று நஸ்தித்திக்கு ஒரு கணம் நெஞ்சு லேசாகிவிட்டது. அப்படி லேசானதை நினைத்துத்தான் அவளுக்குக் கிலி பிடித்தது.

“ஐயா, அவர் மேல தப்பில்லை. நான் போட்டதுதான் தப்பு. எனக்கு இது தெரியாது. மூணு மாசமா தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்.”

ஹர்ஜந்தோ கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு ஐம்பது. “வெள்ளிக் கலர் தகடு ஒண்ணு இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். அப்புறம் பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

அவள் ஸ்டூலை இழுத்து அவன் பக்கத்தில் போட்டாள். “வெட்டறதுக்கு முன்னாடி பார்த்தீங்களா?”

“பார்த்தேன் அக்கா. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு கிடந்துச்சு.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“உங்ககிட்ட போய்... எப்படிக்கா?”

மூத்தவர்களிடம் அதற்கு மேல் சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. திரையில் எழுத்துகளையெல்லாம் தேர்ந்தெடுத்து ஒரு பட்டனைத் தட்டினான். உள்கோடுகள் மறைந்து பெயர் ஒன்றாகிவிட்டது. ஒரே தட்டு. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

வெள்ளித் தகட்டை வைத்துவிட்டு அவன் மெஷினில் கை வைத்தான்.

“நில்லுங்க. இன்னொரு தடவை நல்லாப் பாருங்க. தப்பிருந்தா இப்பவே சொல்லணும்.”

அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

“கடைசி எழுத்தோட வால் ஒட்டலைக்கா. வெட்டினா விழுந்துடும்.”

“வேற?”

“புள்ளி ரொம்ப ஜாஸ்தி.” அவன் காது சிவந்துவிட்டது. “பார்க்க... அசிங்கமா இருக்கு.”

இருபது வருஷத்தில் அவள் எழுத்தை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சுருக்கென்றது. மவுஸைப் பிடித்தாள்.

“எந்தப் புள்ளி, காட்டு தம்பி” என்றாள்.