குசினிக்கு யன்னல் வைத்த வருடம்

கமலாவதியின் வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குசினி வாசல்வரை வந்து திரும்பிப் போனார்கள். முன் விறாந்தையும் அறைகளும் அவர்களுக்குப் பிடித்திருந்தன. நல்ல தண்ணீர்க் கிணறு. சுன்னாகச் சந்தை நடக்கிற தூரம். ஆனால் குசினிக் கதவைத் தள்ளித் திறந்ததும் கதை நின்றுவிடும். உள்ளே யன்னல் கிடையாது. நிலத்தோடு ஒட்டிய மண் அடுப்பு. சுவரும் ஓட்டுக்குக் கீழிருந்த தீராந்திகளும் புகை குடித்துக் குடித்துக் கறுத்து, தொட்டால் விரலில் பிசின்போல ஒட்டும்.

கலியாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்தப் புகைக்குள்தான் சமைத்தாள். மாமியார் இருந்தவரை அடுப்பை அசைக்க முடியவில்லை. பிறகு, மேடை கட்டி உயர அடுப்பு வைத்துத் தருவதாகக் கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மாரடைப்பில் இறந்ததும், தனி ஆளுக்கு இது போதும் என்று அவளே விட்டுவிட்டாள்.

1993இல் அது போதாமல் போனது. கொழும்பில் இருந்த ஒரே மகள் முதல் பிள்ளைக்குக் காத்திருந்தாள். கட்டிலை விட்டு எழும்பக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அம்மா வரவேண்டும் என்று போய் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினாள். யாழ்ப்பாணத்தை விட்டுப் போவதென்றால், அதைக் கையில் வைத்திருந்த இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்குப் பிணை வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பதில் சொல்ல இங்கே ஒருவர் இருக்கவேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகவும் முடியாது. ஆளில்லாத வீட்டில் முதலில் கதவு போகும், பிறகு ஓடு போகும், கடைசியில் வீடே வேறு யாரிடமோ போய்விடும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பிணைக்கு அண்ணன் கதிரவேலு ஒத்துக்கொண்டார்.

"நீ நல்ல சனமாய்ப் பாத்து வீட்டிலை இருத்து, பிள்ளை. பிணைக்கு நான் நிக்கிறன்" என்றார்.

நல்ல சனமாய் வந்தவர் கனகசபாபதி மாஸ்ரர். கீரிமலையிலிருந்து இடம்பெயர்ந்து, மனைவி பத்மாசினியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சேலையால் மறைப்புக் கட்டி இருந்தவர். வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது பத்மாசினியின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. குசினிக்குள் காலை வைத்ததும் இருமத் தொடங்கியவள் கிணற்றடிக்கு ஓடினாள்.

"அவவுக்கு முட்டு வருத்தம், அக்கா" என்றார் மாஸ்ரர். "மூச்செடுக்க ஏலாமல் போடும். வீடெண்டால் நல்ல வீடு. ஆனால் உந்தப் புகைக்குள்ளை இவ ஒரு கிழமை தாங்கமாட்டா."

திரும்பி நடந்தவர்களைப் படலையடியில் நிறுத்தினாள் கமலாவதி.

"கொஞ்ச நாள் பொறுங்கோ, மாஸ்ரர். நான் குசினியை மாத்தித் தாறன்."

சொல்லிவிட்டாளே தவிர, எதைக் கொண்டு மாற்றுவது? சீமெந்து வடக்குக்கு வராமல் அரசாங்கம் தடுத்து எத்தனையோ காலம். கையில் இருந்தது அந்த முறை வெங்காயம் விற்ற காசு. அதிலும் பிரயாணத்துக்கு என்று பாதியைத் தொடாமல் வைக்கவேண்டும்.

மேசன் நாகலிங்கம் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"சீமெந்து இல்லாட்டில் சுண்ணாம்புதான், அக்கா. கல்லுக்கு என்ன செய்யப் போறியள்?"

கிணற்றடியில் பெண்கள் குளிக்கக் கட்டியிருந்த மறைப்புச் சுவரைக் காட்டினாள். அதை உடைத்துக் கல்லை எடுத்தார்கள். குளிக்குமிடத்துக்குக் கிடுகு கட்டியாயிற்று. நாகலிங்கம் களிமண்ணைக் குழைத்து இடுப்பளவில் மேடை கட்டி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி, மூன்று அடுப்பு வைத்தான். புகைக்கூட்டுக்கு, வீதி போடுகிறவர்கள் கைவிட்ட தார்ப் பீப்பா ஒன்று கிடைத்தது. அதை நெருப்பிலிட்டுத் தாரை உருக்கி வடித்து, வெட்டி நிமிர்த்தி, அடுப்புக்கு மேலே கவிழ்த்து, கூரை ஓட்டைப் பிரித்து வெளியே விட்டான். மேலிருந்து வெளிச்சம் விழ, குண்டு விழுந்த ஒரு வீட்டின் கூரையிலிருந்து உடையாத கண்ணாடி ஓடு ஒன்றை அந்த வீட்டுக்காரரிடமே கேட்டுக் கமலாவதி வாங்கி வந்தாள். ரயில் ஓட்டம் நின்றபின் தண்டவாளத்துக் கட்டைகள் ஊரில் பதுங்கு குழிகளான பங்கர்களுக்கு மேலே கிடந்தன. அவற்றில் மிஞ்சிய ஒன்று யன்னலுக்கு மேல் தாங்குகட்டையாயிற்று.

யன்னலுக்காகக் குசினிச் சுவரை உடைத்த அன்று குண்டு போடும் பொம்மர் வந்தது. கமலாவதியும் நாகலிங்கமும் பங்கருக்குள் இறங்கி, தெல்லிப்பழைப் பக்கம் கேட்ட வெடிச் சத்தம் ஓயும்வரை குந்தியிருந்தார்கள். ஏறி வந்தபோது சுவரில் ஓர் ஆள் தலை நுழையுமளவு ஓட்டை. அதற்குள்ளால் வெயில் நிலத்தில் விழுந்து கிடந்தது. கமலாவதி போய் அதில் முகத்தை வைத்தாள். பின் வளவில் அவளே நட்ட தோடை மரம் தெரிந்தது. அத்தனை காலமும் அடுப்படியிலிருந்து அதை அவள் பார்த்ததில்லை.

"இவ்வளவு காலமும் இருட்டுக்குள்ளை நிண்டது நான், நாகலிங்கம்" என்றாள். "வெளிச்சம் வாறது வேறை ஆருக்கோ."

"நீங்கள் கொழும்பிலை லைற்றுக்குக் கீழை இருக்கப்போறியள். பிறகென்ன?" என்று அவன் சிரித்தான்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அந்த நாட்களில் எதைப் பார்த்தாலும் பயணம்தான் நினைவு. சுவரிலிருந்து ஒரு கைப்பிடி கரி உதிர்ந்தாலும் மகளிடம் ஓர் அடி கிட்டப் போனதுபோல இருந்தது. பழைய அரிவாளால் கரியை அவளே சுரண்டினாள். சாம்பலும் தண்ணீரும் போட்டுத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்தாள். சுண்ணாம்பு அடித்ததும் சுவர் வெள்ளையாய்ப் பளிச்சென்றது. காயக் காய மஞ்சள் கசிந்து வந்தது. இன்னொரு தரம் அடித்தாள். இன்னும் கசிந்தது.

"உது உப்பிடித்தான், அக்கா. புகை சுவருக்குள்ளை போட்டுது" என்றான் நாகலிங்கம். நீலம் கரைத்து ஊற்றி அவன் இன்னொரு பூச்சுப் பூசினான். அதற்குப் பிறகு மஞ்சள் தெரியவில்லை, அல்லது பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

ஒரு வியாழக்கிழமை மாஸ்ரர் குடும்பம் வந்து புது அடுப்பில் பால் காய்ச்சியது. புகை பீப்பாவுக்குள் ஏறிப் போனது. பத்மாசினி நின்றபடியே கிளறினாள், இருமவில்லை. "கோயில் மாதிரி இருக்கு, அக்கா" என்று கமலாவதியின் கையைப் பிடித்தாள். கமலாவதி முன் அறையில் தன் உடுப்புப் பையோடு இருந்தாள். பாஸ் கிடைக்கும்வரை ஒரு கிழமை, கூடினால் இரண்டு, அந்த அறையில் இருப்பதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை கதிரவேலு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டும் இருக்கவில்லை.

"கமலா, மூத்தவளுக்குக் கனடாச் சம்பந்தம் சரிவந்திட்டுது. மாப்பிள்ளை பகுதி இந்த மாசமே அவளைக் கொழும்புக்கு எடுக்கச் சொல்லுகினம்."

"நல்ல விசயமெல்லோ, அண்ணை."

"வயசுப் பிள்ளை. லேசிலை விடாயினம். நான் பிணை நிண்டு, இஞ்சையே இருக்கிறன் எண்டு எழுதிக் குடுத்துத்தான் சம்மதம் எடுத்தனான்." அவர் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒராள் ஒராளுக்குத்தான் நிக்கலாமாம்."

கமலாவதிக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியபின் கோபம் வரவில்லை, அதுதான் கொடுமை. அவர் இடத்தில் இருந்தால் தானும் அதைத்தான் செய்திருப்பாள். குசினியிலிருந்து தாளித்த வாசம் வந்தது. கதிரவேலு தேத்தண்ணீர் குடிக்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் கனகசபாபதி மாஸ்ரர் தானே பிணை நிற்கிறேன் என்று அவளைப் பாஸ் கொடுக்கும் இடத்துக்கு அழைத்துப் போனார். வரிசையில் நின்று உள்ளே போனபோது, மேசைக்குப் பின்னாலிருந்த பெடியன் மரியாதையாகத்தான் பேசினான்.

"ஐயாவுக்குச் சொந்த வீடு வளவு எங்கை?"

"கீரிமலையிலை."

"அங்கை ஆமியெல்லோ இருக்கு. இப்ப இருக்கிற வீடு?"

"இவவின்ரை வீடு."

பெடியன் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தான். "இவவின்ரை வீட்டிலை இருந்துகொண்டு இவவுக்குப் பிணையோ? ஏலாது, ஐயா."

வேறு யாரிடம் போவது? தெரிந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் ஒருவருக்காக ஏற்கெனவே நின்றிருந்தார்கள், அல்லது தாங்களே போக வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்ரர் குடும்பத்தை எழுப்பவும் அவளால் முடியாது. அவர்களுக்குப் போக அந்த மண்டபம்கூட இல்லை, அதில் வேறு சனம் வந்துவிட்டது.

இரண்டு கிழமை என்றது இரண்டு வருடமானது. கமலாவதி முன் அறையிலேயே இருந்தாள். பத்மாசினி சமைத்து முடித்தபின்தான் குசினிக்குப் போவாள். "தங்கச்சி, ஒருக்கால் அடுப்பை எடுக்கட்டோ?" என்று வாசலில் நின்று கேட்பாள்.

"என்னக்கா, உங்கடை அடுப்பை என்னட்டைக் கேக்கிறியள்? எங்களோடை சாப்பிடுங்கோவன்."

அந்த அன்புதான் அவளை நெருக்கியது. வாடகை வாங்கிய வீட்டில் சோற்றுக்கும் கை நீட்டுவதா என்று முதலில் மறுத்தாள். விறகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இரண்டு உலை வைப்பது வீண் என்றாகிவிட்டது. அதன்பின் அவர்கள் கோப்பையில் போட்டுத் தருவதைச் சாப்பிட்டாள். உப்புக் குறைந்தாலும் சொல்ல மாட்டாள்.

பேரன் பிறந்த செய்தியைக் கிளாலிக் கடலால் வந்த ஒரு வியாபாரி சொன்னார். பிள்ளை ஆர் சாயல் என்று கேட்டாள். தான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான் என்றார். தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சண்டை நின்றபோது எல்லோரையும்போல அவளும் பாதை திறக்கும் என்று நம்பி, பையிலிருந்த சேலைகளைத் தோய்த்துக் காயப்போட்டு மடித்து வைத்தாள். சித்திரையில் மறுபடி சண்டை தொடங்கியது.

ஆமி நெருங்கி வர, அந்த ஐப்பசி முடிவில் சுன்னாகம் உட்பட வலிகாமம் முழுவதையும் வெளியேறச் சொல்லி இயக்கத்தின் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் போனது. மழை. மாஸ்ரர் சைக்கிளை உருட்ட, பிள்ளைகளின் கையை ஆளுக்கொன்றாய்ப் பிடித்துக்கொண்டு கமலாவதியும் பத்மாசினியும் சனத்தோடு சனமாய் நடந்தார்கள். கொடிகாமத்தில் ஒரு பாடசாலை வகுப்பறையில் இடம் கிடைத்தது. நிவாரண அட்டை பதிந்தவர், "இவ ஆர் உங்களுக்கு?" என்று கேட்டார். "அக்கா" என்றாள் பத்மாசினி, யோசிக்காமல். கமலாவதி மறுக்கவில்லை.

சில நாளில், கடலுக்கு அக்கரையில் வன்னிக்குப் போகிறவர்களிடம் பாஸும் கேட்பதில்லை, பிணையும் கேட்பதில்லை என்று செய்தி வந்தது. போகச் சொல்லி இயக்கமே அறிவித்தது. கமலாவதி கிளாலிக்குப் போகும் உழவு இயந்திரத்தில் முதல் ஆளாய் ஏறினாள், மாஸ்ரர் குடும்பமும் பின்னால் ஏறியது. கிளாலியில் படகு ஏறினாள். அக்கரை தெரிந்ததும் வாய்விட்டு அழுதாள். பாதி வழி வந்துவிட்டதாகவே நினைத்தாள்.

கிளிநொச்சிக்கு வந்த மறுநாளே விசாரித்துக்கொண்டு போனாள். அங்கிருந்து வவுனியாவுக்குப் போகவும் இயக்கத்தின் பாஸ் வேண்டும், அதற்கும் பிணை வேண்டும். வவுனியாவிலிருந்து கொழும்புக்குப் போக ஆமியின் அனுமதி வேண்டும். வரிசை ஒரு வேலியைச் சுற்றி நின்றது. முன்னால் நின்ற பெண், வன்னியில் வீடு வளவோடு இருக்கிற சொந்தக்காரர் யாராவது பிணை நிற்கக் கமலாவதிக்கு இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை" என்றாள் கமலாவதி. என்றாலும் வரிசையை விட்டு விலகவில்லை. பின்னேரமாகிப் படலையைச் சாத்தும்வரை நின்றாள். பிறகு பத்மாசினி இருந்த கொட்டிலை நோக்கி நடந்தாள்.