கியூ மீட்டரும் கல்யாண வளையலும்

ஈயம் உருகுற புகை, வார்னிஷ் வாசனை... ரெண்டும் மூக்குல ஏறினாத்தான் அப்பல்லாம் எனக்கு வேலையே ஓடும்.

ராஜபாளையத்துல ஒரு மில்லுக்குப் பின்னாடி சின்ன காயில் கம்பெனி. நூல் அறுந்தா மெஷினை நிறுத்துற சென்சாருக்குள்ள வைக்கிற செம்புக் கம்பிச் சுருள்தான் காயில். சுத்துறது செல்வி அக்கா, டெஸ்ட் பண்றது நான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து டவுன் பஸ்ல போய் வருவேன்.

காயில் எவ்வளவு தரம்னு சொல்ற நம்பர்தான் கியூ. இடது கையால காயிலை மீட்டர் மேல பிடிச்சுக்கிட்டு, வலது கையால குமிழைத் திருப்பணும். முள்ளு ஏறி உச்சிக்கு வந்து நிக்கும்... அதான் ரீடிங். நூறுக்குக் கீழ வந்தா ஸ்க்ராப். அதுல நான் கில்லாடி. நானே சொல்லிக்கிட்டாத்தான் உண்டு!

என் கல்யாண லீவு முடிஞ்சு வேலைக்குப் போன அன்னிக்கு, வெச்சதெல்லாம் எழுபதுதான் காட்டுச்சு. சாயங்காலம் லோடு போகணும். ஓனர் அண்ணாச்சிக்கு மூஞ்சி சிவந்துருச்சு.

"என்ன செல்வி, இப்பிடிச் சுத்தி வச்சிருக்க? அம்புட்டையும் தூக்கிப் போடு. நாளைக்கு வேற ஆளப் பாக்கேன்."

எனக்குப் பொறுக்கல. அவங்க சுத்தினா சோடை போகாது.

மீட்டரைச் சரிபார்க்கன்னே, நல்லதுன்னு தெரிஞ்ச ஒரு மாதிரி காயில் இருக்கும். அதை வெச்சேன்... அதுவும் எழுபது! "அண்ணாச்சி, நீங்க வைங்க"ன்னேன். வெச்சார். நூத்தி இருபது.

எல்லாரும் என் இடது கையைப் பார்த்தாங்க. முன்னாடி அதுல ஒரே ஒரு ரப்பர் வளையல். இப்ப மாமியார் போட்ட தங்க வளையல் வரிசையா... வளையமா உலோகம் பக்கத்துல வந்தா காயிலோட சக்தியை உறிஞ்சிரும். படிச்சதுதான். புதுப்பொண்ணுக்கு அதெல்லாமா ஞாபகம் இருக்கும்?

சட்டுனு கழட்டப் போனேன். தடுத்தது யாருங்கிறீங்க... செல்வி அக்கா!

"ஏட்டி, செத்த பொறு! புதுப்பொண்ணு கை மூளியா இருக்கக் கூடாது."

தன் கையில கிடந்த கண்ணாடி வளையல்ல பாதியைக் கழட்டி எனக்கு மாட்டிவிட்டாங்க. பொறவுதான் தங்கத்துல கை வைக்க விட்டாங்க. கண்ணாடிகிட்ட மீட்டருக்கு ஒரு தகராறும் இல்ல. லாட் மொத்தமும் பாஸ். அண்ணாச்சி தலையைச் சொறிஞ்சுக்கிட்டே டீ சொன்னார்.

போக இருந்தது அக்காவோட வேலை. அந்த நேரத்துலயும் அவங்க பார்த்தது என் கையைத்தான்.

இப்ப நான் வேலை பாக்கிற இடத்துல காயிலை மெஷினே எடுத்து, மெஷினே அளந்து, நம்பரை ஸ்க்ரீன்ல காட்டிருது. நல்ல மெஷின், குறை சொல்ல மாட்டேன்.

ஆனா சுத்தினது யாருன்னு தெரியாது. ரிஜெக்ட் வந்தா, யாருக்காகப் போய் நான் சண்டை போட?