மாப்பிள்ளை அழைப்பில் பிடித்த மழை

சுனாமி வந்துபோய் இரண்டு வருடம் கழித்து, ஓர் ஆவணி மாதம், புதுச்சேரி மூலக்குளத்தில் நடந்தது இது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு பெயின்ட் கடை வைத்தவன் நான். எதற்கெடுத்தாலும் பயம். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்தபிறகு, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள்.

அப்படிப்பட்ட நான் ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒருவர், பிள்ளைகளோடு இருக்கப் பிரான்சுக்கே போகும்போது விற்ற வண்டி. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, மேலே திறந்தபடி இருக்கும். மழைக்கு இழுத்து மூட, பின்னால் ஒரு துணிக்கூரை மடங்கிக் கிடக்கும்.

"அப்பப்ப அத இழுத்து மூடிப் பழகுப்பா. இல்லன்னா மடிப்புலயே எறுகிடும்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். நான் பழகவில்லை. மேகம் தெரிந்தாலே வண்டியை வெளியே எடுக்காதவனுக்குக் கூரை எதற்கு? நல்ல வெயிலில் கடற்கரை வரை போவேன். உப்புக் காற்று பட்டுத் துருப்பிடிக்குமே என்று உடனே திரும்பிவிடுவேன். "இதுக்கு ஒரு போட்டோ வாங்கி செவுத்துல மாட்டியிருக்கலாம்" என்பாள் என் மனைவி.

அவளுடைய ஒரே தம்பிக்குக் கல்யாணம் வந்தது. தகப்பன் இல்லாத பிள்ளை. என்னிடம் அதுவரை எதுவும் கேட்டதில்லை. "மாமா, மாப்ள அழைப்புக்கு ஒங்க வண்டியில வரட்டா?" என்று அதை மட்டும் கேட்டான். எப்படி மறுப்பது? ஒரு வாரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பிள்ளையார் கோயிலில் மாலை போட்டு அவனை என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வண்டியில் ஏறிய மாப்பிள்ளை மண்டப வாசலில்தான் இறங்க வேண்டும், நடுவில் இறங்கினால் ஆகாது என்பது என் மனைவி வீட்டு வழக்கம். மாமியார் எனக்கும் அதைச் சொல்லியிருந்தார்.

மேளம் முன்னால் போக, மெதுவாக ஊர்ந்தோம். பாதித் தெரு தாண்டியிருப்போம், பானெட்டில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் சடசடவென்று பிடித்துக்கொண்டது. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. வண்டியை நிறுத்தி அவன் காதருகில், "எறங்குடா, சீட்டு நனையுது" என்றேன். மேளச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். மாலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். பின்னால் வந்த மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார்.

பட்டு வேட்டியோடு அவன் நடுத்தெருவில் நனைய, நான் கூரையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. பலம் கொண்டு இழுத்ததும் சர்ரென்று கிழிந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதைப் பார்த்த பெண்ணின் அப்பா ஓடிவந்தார். "மாப்ள நனையக் கூடாதுன்னு அக்கா வூட்டுக்காரரு எப்படித் துடிக்கிறாரு பாருங்கய்யா! தார்ப்பாயி எடுத்தாங்கடா!" என்று கத்தினார். மச்சானைத் திரும்ப ஏற்றி, பெண் வீட்டார் நான்கு பேர் எங்கள் தலைக்கு மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, தாங்கள் நனைந்தபடியே மண்டபம் வரைக்கும் நடந்து வந்தார்கள்.

மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார் அவர். "இவரு மாப்ளைக்கு மாமா இல்ல, பெத்த தகப்பன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் கைகூப்பினேன். ஓரக்கண்ணால் மச்சானைப் பார்த்தேன். ஈர மாலையைச் சரி செய்துகொண்டே, "ஆமாங்க, எங்க மாமா அப்படித்தான்" என்றான்.

காரை அந்த மாதமே விற்றுவிட்டேன். சீட்டு நனையுமென்று நான் இறங்கச் சொன்னதை இன்றுவரை அவன் தன் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்டதும் இல்லை. இப்போதும் நாலு பேர் எதிரில் யாராவது என்னைப் புகழ்ந்தால், அந்தக் கூட்டத்தில் அவன் நிற்கிறானா என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.