கோவிந்தன் கட்டிய வேப்பங்கொத்து

பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கல்வராயன் மலையில் இருபது வருடம் லாரி ஓட்டியவன், எதற்கும் பயந்ததில்லை. நீங்களும் நம்பப்போவதில்லை, முகத்திலேயே தெரிகிறது. பரவாயில்லை, கேளுங்கள்.

கோவிந்தன் ரிஷிவந்தியத்துக்காரன், கரும்பு போடுகிறவன். மலையில் என் வண்டி கவிழ்ந்து கால் ஒடிந்தபோது என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அடிவாரம் வரை நடந்தான். அதோடு விட்டானா? என் கால்கட்டு பிரிக்கும்வரை தன் கரும்பு வெட்டு வேலையைப் போட்டுவிட்டு என் லாரியை ஓட்டி என் வீட்டுக்குச் சோறு போட்டான். பதிலுக்கு நான் செய்தது, தர்காவில் ஒரு தாயத்து வாங்கி அவனுடைய சிவப்பு அரைஞாண் கயிற்றில் கோத்துவிட்டதுதான். குளிக்கும்போதுகூட அதை அவன் கழற்றியதில்லை.

அவன் சாதிக்காரர்கள் இடஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் நடத்திய சமயம். முந்தின நாளே வந்து சொன்னான்.

"பாய், நாளிக்கு வண்டி எடுக்காத. ரோட்டுல மரம் வெட்டிப் போடப்போறோம்."

"உங்க சண்டைக்கு எங் கிழங்கு அழுகணுமா?"

"வேப்பங்கொத்து கட்டின வண்டியத்தான் உடுவாங்க. நான் வந்து கட்டறேன், அதுவரைக்கும் இரு."

"போடா! இனிமே உன் மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மறுநாள் மரவள்ளிக்கிழங்கு லோடோடு மலையிறங்கினேன். உச்சி வெயில். அடிவாரத் திருப்பத்தில் புளியமரம் குறுக்கே கிடந்தது, நாற்பது ஐம்பது பேர். முதல் கல் கண்ணாடியை உடைத்து என் நெற்றியைப் பிளந்தது. கதவைத் திறந்து தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள், உருட்டுக்கட்டையால் அடித்ததில் தோள்பட்டை முறிந்த சத்தம் எனக்கே கேட்டது, ஒருவன் வண்டிமேல் டீசலை ஊற்றி மிச்சத்தை என் தலையில் கொட்டினான். "கொளுத்துடா!" யா அல்லா, என் பிள்ளைகள் முகம்தான் வந்தது.

அப்போதுதான் கோவிந்தனைப் பார்த்தேன். சட்டை மார்பெல்லாம் ரத்தம். என்னைத் தாண்டிப் போய் வண்டி முகப்பில் வேப்பங்கொத்தைக் கட்டினான். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

தீப்பெட்டி வைத்திருந்தவன் கத்தினான்.

"டேய், கொத்து கட்டிக்கீதுடா, உடு! யோவ், மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

கோவிந்தனைக் காணோம். கட்டியது யார் என்று ஒருவனும் கேட்கவில்லை. மரத்தைப் புரட்டி வழிவிட்டார்கள். ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு நேராக அவன் ஊருக்குத்தான் போனேன், காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்க.

அவனை வாசலில் கிடத்தியிருந்தார்கள். காலையில் பத்து மணிக்கு வெட்டின மரம் திரும்பி நெஞ்சில் விழுந்து, அந்த இடத்திலேயே உயிர் போயிருந்தது. பத்து மணிக்கு நான் இன்னும் மலைமேல் கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

குளிப்பாட்டியபின் அரைஞாண் கயிற்றை அறுக்க ஒருவர் பிளேடோடு வந்தார், அதை அறுத்தால்தான் செத்தவன் உயிர் கட்டுவிட்டுப் போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. இடுப்பில் தழும்பு மட்டும் இருந்தது.

"கயிறு எங்க? அறுக்காம எப்படி எடுக்கறது?"

எழுந்து லாரிக்கு ஓடினேன். வேப்பங்கொத்தைச் சிவப்புக் கயிறு சுற்றியிருந்தது, தாயத்தோடு. கைக்குள் மூடிக்கொண்டு திரும்பி வந்தேன், ஆனால் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. வேறு கயிறு ஒன்றைக் கட்டி அறுத்து அவனை எடுத்துப் போனார்கள்.

அவன் கயிறு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இத்தனை வருடமாகியும் அதை அறுக்க எனக்கு மனம் வரவில்லை, அறுக்காததால் அவன் இன்னும் போகாமல் நிற்கிறானோ என்றும் பயமாக இருக்கிறது.