பாடாத ஊர்ப் பெயர்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஸ்டுடியோவுக்கு மவுஸ் வாங்கி மாளாது. அடியில் உருண்டை வைத்த மவுஸ் அது. சுற்றிலும் இரும்பு ஆலைகள். ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் கரித்தூள் உள்ளே வந்துவிடும். காலையில் மேஜை துடைத்த துணி மதியத்துக்குள் கறுத்திருக்கும். அந்தத் தூள் உருண்டையில் ஒட்டிக்கொண்டால் திரையில் அம்பு நகராமல் நிற்கும், இல்லையென்றால் குதிக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடுகிறவர் காத்திருக்க, இந்தப் பக்கம் நான் மவுஸைக் கவிழ்த்து நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பேன். அந்த அவமானத்தில்தான் நான் மவுஸை விட்டுவிட்டு கீபோர்டு விசைகளுக்குப் போனேன்.

ஸ்டுடியோ என்றால் பெரிதாக எதுவும் இல்லை. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே நடுவில் கண்ணாடி போட்டுத் தடுத்த ஓர் அறை, சுவரெல்லாம் முட்டை அட்டை. முதலாளி கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவர், என்னைவிட வயதில் சிறியவர், என்னை அக்கா என்பார். நான் கீழே கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கச் சேர்ந்தவள். பத்தாம் வகுப்பும் டைப்ரைட்டிங் லோயரும்தான் என் படிப்பு. அவர் உள்ளே உட்கார்ந்து வாசிக்கும்போது வெளியே கம்ப்யூட்டரில் ரெக்கார்டு போட ஓர் ஆள் தேவைப்பட்டது. “க்கா, கொஞ்சம் மேல வாயேன்” என்று ஒருநாள் கூப்பிட்டார். பிறகு நான் கீழே இறங்கியது குறைவு.

எனக்கு மனிதர்களோடு பேச வராது. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். அந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். மெனுவைத் திறந்து, அதற்குள் இன்னொன்றைத் திறந்து தேடுவது எனக்கு முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் நின்று ஆள் கூப்பிடுவது போலக் கூச்சமாக இருக்கும். விசைகள் அப்படி இல்லை. ஸ்பேஸ் தட்டினால் பாட்டு ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். ஜி, எச் இரண்டும் திரையில் தெரியும் ஒலி அலையைச் சுருக்கிக் காட்டும், விரித்துக் காட்டும். ஆல்ட் எக்ஸ் என்றால் அதன்மேல் ஓடும் கோடு நிற்கிற இடத்தில் பாட்டு வெட்டுப்படும். டைப் அடித்த கை ஆனதால் விரல் தானாகவே இடம் தெரிந்துகொண்டது. கரண்ட் அடிக்கடி போகிற ஊர் என்பதால் பாடகர் மூச்சு விடும் ஒவ்வொரு இடத்திலும் என் இடது கை கன்ட்ரோல் எஸ் அழுத்தி சேமித்துவிடும். நான் அழுத்தினேனா என்று எனக்கே தெரியாது.

அதில் ஒரு சங்கடமும் இருந்தது. மவுஸில் செய்கிறபோது ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்வோம். விசையில் கை முந்திக்கொள்ளும். கை வேலையை முடித்த பிறகுதான் மனசு வந்து சேரும்.

எங்களுக்கு வருமானம் கொடுத்தது ஆடி மாதம். முதலாளி மெட்டுப் போட்ட ஓர் அம்மன் பாட்டு இருந்தது. பாட்டு ஒன்றுதான், ஊர்தான் மாறும். பல்லவியிலும் ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் ‘கடம்பத்தூர் காக்கும் தாயே’ என்று வரும். அடுத்த சிடியில் அதே இடத்தில் ‘காட்டுப்பள்ளி காக்கும் தாயே’. திருவாலங்காட்டுக்குப் போனால் திருவாலங்காடு. ஊர்க்காரர்கள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனதும், பாடகர் வந்து அந்த ஒரு வரியை மட்டும் பாடுவார். நான் பழைய பெயரை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை ஒட்டுவேன். ஒவ்வோர் ஊரும் அது தனக்காகவே பாடிய பாட்டு என்று நினைத்துக்கொள்ளும். அதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

பாடகர் ஓர் உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவர். ஐம்பது வயது இருக்கும். நான் அண்ணா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு வந்து நிற்பார். கண்ணாடிக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு வைத்திருந்தோம். மைக்கில் அவரிடம் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு நான் பல்பைத்தான் போடுவேன். எரிந்தால் பாட வேண்டும். “தங்கச்சி வாயால ஒரு வார்த்த கேக்கறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மெண்டே வந்துடும்” என்று கிண்டல் செய்வார். அத்தனை ஊர்களுக்கும் பாடியவர், அவருடைய சொந்த ஊரான கடம்பள்ளிக்கு மட்டும் சிடி போட்டதில்லை. அது பக்கத்திலேயே இருக்கும் சின்ன ஊர். ஆடி ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றும்போது அங்கே அவரே நேரில் நின்று பாடுவார். அவர் இருக்கும்போது சிடி எதற்கு?

ஒரு வருடம் பங்குனியில் அவருக்குத் தொண்டையில் கட்டி என்றார்கள். சென்னையில் ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, குரல்தான் போய்விட்டது. காற்று மட்டும் வந்தது. கிட்டத்தில் காதை வைத்தால் சொல் கேட்கும்.

ஆடி பிறக்கும் முன்பே கடம்பள்ளி தர்மகர்த்தா அவரை அழைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். அவரே எல்லாவற்றையும் முடிவுசெய்து வைத்திருந்தார்.

“இத பாரு, இவன் ஊர் ஊருக்குப் பாடி வச்சிருக்கான். எங்க ஊருக்கு மட்டும் இல்லன்னா நல்லாவா இருக்குது? ஒரு சிடி போடு. இவன் மைக்க புட்ச்சிக்கினு நிக்கட்டும். வாய மட்டும் ஆட்டனா போதும், எவனுக்குத் தெரியப் போவுது?”

“ஊர் பேர அவரு பாடினாதான நைனா ஒட்ட முடியும்?” என்றார் முதலாளி.

“கம்ப்யூட்டர்ல எல்லாம் வரும்னியே. இது வராதா?”

அண்ணா சுவரின் முட்டை அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊர் அவரை மேடையில் பார்க்காமல் விடாது. போய் நின்றால் வாயைத் திறந்து மூட வேண்டும். போகாவிட்டால் அவர் கதை முடிந்தது என்று ஊர் சொல்லிவிடும். இரண்டில் எது மேல் என்று அவர் எடைபோட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பி, முடியுமா என்று கையை மட்டும் விரித்தார்.

அவர்கள் போன பிறகு முதலாளி, “க்கா, இது உன் கைக்குத்தான் வரும். எனக்கு அந்தப் பொறுமை கெடயாது” என்றார்.

கடம்பத்தூரில் ‘கடம்ப’ இருந்தது. காட்டுப்பள்ளியில் ‘பள்ளி’ இருந்தது. கேட்க எளிது, ஒட்டினால் இரண்டு ஆள் பேசுவது போல இருந்தது. ஒன்றில் அவர் குரல் மேலே ஏறிக்கொண்டிருந்தது, மற்றதில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு தடவை பாடியதும் ஒரு டேக்காகப் பதிவாகியிருந்தது, எல்லாவற்றையும் திறந்து தேடினேன். ஒரு பழைய டேக்கில், பாடி முடித்த பிறகு சோம்பலாக இன்னொரு தடவை ‘காட்டுப்பள்ளி’ என்று மெட்டை மாற்றிப் பாடிப் பார்த்திருந்தார். அதிலிருந்து எடுத்தேன். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் வெட்டினால் ஒட்டுப்போட்டது தெரியும். ‘ப’வின் நடுவயிற்றில், அந்த ‘அ’ நீள்கிற இடத்தில் வெட்டினேன். ஆல்ட் எக்ஸ். ஒட்டிவிட்டு வெறும் எக்ஸ் தட்டினால் ஒரு துண்டின் சத்தம் தேய்ந்து மற்றதன் சத்தம் ஏறும். பிடிக்காவிட்டால் கன்ட்ரோல் இசட், மறுபடி முதலிலிருந்து. அன்று சாயங்காலத்துக்குள் அண்ணா ‘கடம்பள்ளி காக்கும் தாயே’ என்று பாடினார். எனக்குச் சந்தோஷமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது.

மறுநாள் அவர் தனியாக வந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டு ஸ்பேஸைத் தட்டினேன். பல்லவி முடிவதற்குள் ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

“இது நான் இல்ல தங்கச்சி.”

ஊர்ப் பெயரைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அது இல்லை. தன் நெஞ்சைத் தொட்டு, காற்றை உள்ளே இழுத்துக் காட்டினார்.

“மூச்சு எங்க?”

வரிக்கு வரி நடுவில் மூச்சு வாங்கும் சத்தத்தை எடுத்துவிடுவது எங்கள் ஸ்டுடியோ வழக்கம். சுத்தமாகக் கேட்கும் என்பார் முதலாளி. எத்தனையோ பாட்டில் அதை நான் கண்ணை மூடிக்கொண்டு செய்திருக்கிறேன். இரண்டு விசை, ஒரு மூச்சு போய்விடும். இதுவரை யாரும் கேட்டதில்லை. அவருமே கேட்டதில்லை. இப்போது மூச்சு மட்டும்தான் அவரிடம் மிச்சம் இருந்தது, அதனால் அது இல்லாதது அவருக்குத் தெரிந்துவிட்டது.

நல்லவேளை, அந்த சாஃப்ட்வேரில் வெட்டியது எதுவும் உண்மையில் அழிவதில்லை. வெட்டிய துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் மறைந்தது வெளியே வரும். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் மூச்சை வெளியே இழுத்து வைத்தேன். சில மூச்சு நீளம், சிலது அவசரம். ஒன்றின் பின்னால் லாரி ஹாரன் இருந்தது. “அதும் இருக்கட்டும்” என்று சைகை காட்டினார்.

மறுபடி கேட்டார். இப்போது முகம் தெளிந்தது, விரல் தொடையில் தாளம் போட்டது. ஊர்ப் பெயருக்கு முந்தைய மூச்சு வந்தது. அது கடம்பத்தூருக்காக அவர் இழுத்த மூச்சு. அதன்பின் நான் செய்த பெயர் வந்தது. தாளம் நின்றது.

“நல்லா இருக்கு” என்றார். குனிந்து கேட்க வேண்டியிருந்தது. “ஆனா இத நான் பாடல. மத்த ஊருக்கெல்லாம் நான் நின்னு பாடனேன். பொறந்த ஊருக்குப் பாடாதத பாடனா மாதிரி வச்சா, அவ மூஞ்சில எப்டி முழிப்பேன்?”

அவள் என்றது அம்மனை. “எடுத்துடவா?” என்று கேட்டேன்.

ஆமாம் என்று தலையை ஆட்டினார். பிறகு யோசித்து, “பேர மட்டும். மூச்சு இருக்கட்டும், பின்னால ‘காக்கும் தாயே’ இருக்கட்டும். நடுவுல வுட்ரு.”

“காலியாவா? மேளம் மட்டும் போகும்ணா.”

“போவட்டும்.”

அவ்வளவு நேரம் செய்ததை அழிக்க ஒரு விசைதான். அன்று என் கை முந்திக்கொள்ளவில்லை. விரலை டெலீட் மேல் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். அவரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு பெயர் வந்த ஒவ்வோர் இடத்துக்கும் போய் நானே அழுத்தினேன்.

கூழ் ஊற்றும் நாள் சிடியை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். முதலாளிக்கு அன்று வேறு கச்சேரி. மைக் செட்காரர் யாரென்றே எனக்குத் தெரியாது. தர்மகர்த்தா அவரிடம், மைக்கை ஆஃப் செய்து கையில் கொடுக்கச் சொல்லியிருந்தார். அண்ணா என்னைப் பார்த்து வேண்டாம் என்பது போலத் தலையசைத்தார். அவர் குரல் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் கேட்காது. நான்தான் பேச வேண்டியிருந்தது. “மைக்க போட்டே குடுங்க” என்றேன். “இன்னாது?” என்றார் மைக் செட்காரர். இன்னும் உரக்கச் சொன்னேன். என் சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது.

பாட்டு ஆரம்பித்தது. அண்ணா குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே மைக்கோடு நின்றார். வாயை மூடியே வைத்திருந்தார். தர்மகர்த்தா எதிரிலிருந்து உதட்டைக் காட்டிக் காட்டிப் பார்த்தார், அவர் கவனிக்கவில்லை. பல்லவி முடிவில் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது, பிறகு வெறும் மேளம், பிறகு ‘காக்கும் தாயே’. கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பின்னாலிருந்து ஒருத்தன், “இன்னாபா, சிடிக்கும் தொண்ட கட்டிக்கிச்சா?” என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது. விரல் மைக் செட் மேஜை மேல் ஸ்பேஸைத் தேடியது.

முதல் சரணம் முடிந்தது. மூச்சு வந்ததும் அண்ணா மைக்கைத் தன் வாயருகிலிருந்து எடுத்து ஜனங்கள் பக்கம் நீட்டினார். யாருக்கும் புரியவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. மேளம் போனது, ‘காக்கும் தாயே’ வந்து போனது. கையை இறக்கினார். முகத்தில் வேர்வை.

இரண்டாம் சரணத்தின்போது கூழ்ப் பானைப் பக்கத்தில் நின்ற அவர் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். மூச்சு வந்தது. மைக் நீண்டது. “கடம்பள்ளி!” என்று கத்தினார் அந்த அம்மா. சுருதியும் இல்லை, தாளமும் இல்லை, கொஞ்சம் முன்னாலேயே கத்திவிட்டார். ஸ்பீக்கரில் அவர் கணவர் குரல் ‘காக்கும் தாயே’ என்று சேர்ந்துகொண்டது.

“ஐயே, இன்னா வாய்ஸுடி இது!” என்றாள் பக்கத்தில் ஒருத்தி. ஆனால் அடுத்த சரணத்துக்கு அவளும் கத்தினாள். பிள்ளைகள் கத்தின. கிண்டல் செய்தவன் எல்லாரையும்விட உரக்கக் கத்தினான். யாரும் ஒன்றாகக் கத்தவில்லை. பெயர் நீண்டு வழிந்து ‘காக்கும் தாயே’யையும் மூடிவிட்டது, அண்ணாவின் குரல் அதற்கடியில் போய்விட்டது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

பாட்டு நின்றதும் தர்மகர்த்தா என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“இன்னொரு வாட்டி போடும்மா” என்றார். “எங்க ஊட்டுக்காரி இப்பதான் வந்தா, அவ கத்தல.”

நான் சிடியை முதலிலிருந்து விட்டேன். பாட்டு தொடங்குவதற்கு முன்பே அண்ணா மைக்கை நீட்டிவிட்டிருந்தார்.