காட்டைக் காத்த செவ்வரளி

பெருந்துறை தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் நாங்கள் கட்டிய கட்டிடம் பாதியில் நின்றது. கம்பி நீட்டிக்கொண்டிருந்த அந்தத் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்த நாட்களில் அம்மன் எங்களை எப்படிக் கரையேற்றினாள் என்று நாலு பேருக்குச் சொன்னால்தான் என் மனசு ஆறும்.

எங்களுக்கு வெள்ளகோவில் பக்கம் முருங்கைக்காடு. அதுதான் சோறு போடுகிறது. முருங்கை விலையை நம்பிக் குடும்பம் நடத்தியவர்களுக்குத் தெரியும். ஒரு மாதம் ராஜா, அடுத்த மாதம் பறிப்புக் கூலிக்கே கட்டாது. அதனால் மாதாமாதம் வாடகை வருகிற மாதிரி ஒரு கட்டிடம் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். பெருந்துறையில் எங்களுக்கு ஒரு மனை இருந்தது. கம்பெனிகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள் தங்க இடமில்லாமல் அலைகிறார்கள். கீழே ஒரு தளம், மேலே ஒரு மாடி என்று பிளான் போட்டு, மனையின் பேரில் வங்கிக்கடன் வாங்கினோம்.

வங்கி மொத்தமாகத் தராது, வேலை நடக்க நடக்கத் தவணையாகத்தான் கொடுக்கும். கீழ்த்தளம் எழும்புவதற்குள் சிமெண்டும் கம்பியும் விலை ஏறி, எங்கள் கையிருப்பை விழுங்கிவிட்டன. மாடிக்குக் கான்கிரீட் போட்டால்தான் அடுத்த தவணை என்றது வங்கி. பணத்தைக் கண்ணில் பார்த்தால்தான் கான்கிரீட் என்றார் மேஸ்திரி. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. நடுவில் மாட்டிக்கொண்டது நாங்கள். என் வளையல்கள் அடகுக்குப் போயின. சொந்தக்காரர்கள் யாராவது "எப்பங்க பால் காய்ச்சறீங்க?" என்று கேட்டால், என் வீட்டுக்காரர் வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

அப்போது ஒரு பைனான்ஸ்காரர் முழுப் பணத்தையும் தருகிறேன் என்று வந்தார். ஆனால் அடமானம் எல்லாம் ஆகாதாம். முருங்கைக்காட்டை அவர் பேருக்குக் கிரயமே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கடன் தீர்ந்ததும் திருப்பி எழுதித் தருவாராம். காடும் கையை விட்டுப் போய்விட்டால் சோற்றுக்கு என்ன செய்வது என்று கேட்டேன்.

"வாடகை வர ஆரம்பிச்சா சீக்கிரம் மீட்டுப்போடலாம் அம்மணி. பயப்படாத" என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரலிலேயே பயம் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் பெரிய காரியம் எதுவும் செய்வதில்லை. வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்போம். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். இந்த முறை பத்திரப் பதிவுக்கு நாள் குறித்துவிட்டுத்தான் கோவிலுக்கே போனோம். அம்மனிடம் கேட்கவா போனோம்? தகவல் சொல்லிவிட்டு வரப் போனோம்.

சிவப்பு வந்தது.

இவர் முகம் சுண்டிப்போனது. உடனே பூசாரியிடம், "பாதிக் காட்டை மட்டும் எழுதிக் குடுக்கலாமான்னு கேளுங்க" என்றார்.

பூசாரி சிரித்துவிட்டார். "ஏனுங்க, அதே சங்கதியைத் திருப்பிப் போட்டுக் கேக்கறீங்களாக்கும்? ஒருக்கா வேண்டாம்னா வேண்டாம்தானுங்க. வேற ஏதாச்சும் கேக்கறதுன்னா கேளுங்க."

எனக்குக் கேட்க என்ன இருக்கிறது? அம்மன் முகத்தைப் பார்த்தேன். 'தாயே, காட்டையும் விடக் கூடாது, கட்டிடமும் முடிய வேண்டும் என்றால் நாங்கள் எதைத்தான் விடுவது?' என்று மனசுக்குள் கதறினேன். அழுகை பீறிட்டது. அழுது ஓய்ந்தபோது, இத்தனை நாள் எங்கள் இருவர் வாயிலும் வராத ஒன்று என் வாயில் வந்தது.

"மாடியை நிறுத்திப்போடலாமான்னு கேளுங்க சாமி."

இவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். ஊரெல்லாம் மாடி, மாடி என்று சொல்லி வைத்திருந்தாரே! மறுபடி பூ மடித்து வைத்தார்கள். வெள்ளை வந்தது.

அடுத்த நாளே வங்கிக்குப் போனோம். மேலாளர் இன்ஜினியரை அனுப்பிப் பார்த்தார். கடன் தொகையைக் குறைத்து, கீழ்த்தளத்தின் பூச்சுவேலைக்கும் கதவு ஜன்னலுக்கும் மட்டும் பணம் தர ஒப்புக்கொண்டார். பைனான்ஸ்காரரிடம் இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கீழ்த்தளம் முடிந்தது. ஆனால் மேலே மொட்டைத் தூண்களோடு நின்ற அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. வாடகைக்குக் கேட்டு வந்தவர்களும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 'வெள்ளைப் பூ கொடுத்தாயே தாயே, இதற்கா?' என்று எனக்கும் கோபம் வந்தது. இருந்தாலும் விளக்கேற்றிக் கும்பிடுவதை நிறுத்தவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்துப் பனியன் கம்பெனி மேனேஜர் வந்தார். வேலைக்கு வரும் பெண்கள் தங்க இடம் தேடுகிறாராம். நேராக மொட்டைமாடிக்கு ஏறினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"இது போதுமுங்க. கீழ புள்ளைங்க தங்கட்டும். மேல எங்க செலவுல ஷீட் போட்டுத் தையல் பழக்கிக்கறோம். இப்படித் தடுப்புச் சுவர் இல்லாம விசாலமா ஒரு இடம் எங்கயும் கெடைக்கலைங்க" என்றார்.

அன்றைக்கே அட்வான்ஸ் தந்தார். மேஸ்திரியின் பாக்கி தீர்ந்தது. இன்றைக்கு வங்கித் தவணையை வாடகையே கட்டிவிடுகிறது. என் வளையல்களும் ஒவ்வொன்றாகக் கைக்குத் திரும்பி வருகின்றன.

போன வாரம் காட்டில் காய் பறித்துக்கொண்டிருந்தோம். இவர் திடீரென்று பறிப்பதை நிறுத்திவிட்டு, "ஏன் அம்மணி, அன்னைக்கு அம்மன் சரின்னு சொல்லியிருந்தா, இந்நேரம் இது யாரு காடோ?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் கையிலிருந்த காயை வாங்கிக் கூடையில் போட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று பாதியில் நிற்கலாம். உங்கள் தெய்வத்திடம் போய் மனசு விட்டுக் கேளுங்கள். வேண்டாம் என்று வந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். அழுதாலும் அங்கேயே உட்கார்ந்து அழுங்கள். எங்களுக்கு அவள் முதலில் தந்த வரமே அந்தச் சிவப்புப் பூதான்.