தந்தியில் சேர்த்த ஒரு சொல்

காரைக்குடி தபால் ஆபீஸில் ஊருக்குக் கார்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். கோட்டையூரிலிருந்து வந்த ஓர் அம்மா தந்திப் படிவத்தை என்னிடம் நீட்டுகிறார். கணவர் தச்சு வேலை செய்பவர், மூன்று நாளாகப் படுக்கையில் இருக்கிறார். மகன் பம்பாய் மில்லில் வேலை பார்க்கிறான். இங்கிலீஷில் எழுத வேண்டும்.

"'சிக்'னு போடவா, 'சீரியஸ்'னு போடவாம்மா?"

"ரெண்டுக்கும் என்ன தம்பி வித்தியாசம்?"

"சிக்னா உடம்பு சரியில்லை. சீரியஸ்னா ரொம்ப முடியலை."

"சிக்குன்னா மில்லுல லீவு குடுக்க மாட்டாக. சீரியஸுன்னா..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். "எங்க பக்கம் உசுரு போனப்புறந்தான் தம்பி, சீரியஸுன்னு தந்தி அடிப்பாக. வழி முச்சூடும் அழுதுக்கிட்டே வருவான்."

"அப்ப எதைம்மா எழுதட்டும்?"

"சீரியஸுன்னே எழுதுங்க. கூடவே, அப்பா பேசுறாகன்னும் போடுங்க."

எழுதிக் கொடுக்கிறேன். குமாஸ்தா தந்திக் கருவியில் கட்டுக் கட்டென்று அடித்து முடிக்கும்வரை அந்த அம்மா நகரவில்லை.

"பேசுறாகங்கிறதும் போயிருச்சாய்யா?"

"போயிருச்சும்மா."

"அவன் வர்ற வரைக்கும் அவுகளைப் பேச வச்சுக்கிட்டே இருக்கணும்" என்றபடி, வெறுங்காலோடு வெயிலில் இறங்கிக் கோட்டையூர் பஸ்ஸுக்கு ஓடுகிறார்.